விடையைப் பார்ப்பதற்கு முன்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவிபட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். ராமநாதபுரத்தில் பி.எஸ்ஸி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர்வதற்கான ஜாம் தேர்வை வரும் பிப்ரவரியில் எழுதப் போகிறேன். எங்கள் வீட்டில் நண்டு வலைத் தொழில். காலையில் அப்பா கரைக்கு வந்ததும் வலையிலிருந்து நண்டு கழித்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் பிடிப்பேன். படிப்பு ராத்திரியில்தான். கடினமான கணக்குகளாகத் தேடி தினமும் குறைந்தது பதினைந்து எடுக்கிறேன். பத்து நிமிடம் முயன்று வராவிட்டால் விடையைப் படித்துப் புரிந்துகொள்கிறேன். படிக்கும்போது தெளிவாக இருக்கிறது. ஒரு வாரம் கழித்து அதே மாதிரி வேறொரு கணக்கு வந்தால் கை ஓடுவதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் வரும் பகுதியில் 20க்கு 4 மதிப்பெண்ணைத் தாண்டியதே இல்லை. பள்ளியில் தமிழ்வழியில் படித்ததுதான் காரணமா? இன்னும் கடினமான கணக்குகளுக்குப் போக வேண்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். உங்களிடம் இருக்கும் கணக்குகளே போதும். அவற்றில் பெரும்பாலானவற்றை நீங்கள் இன்னும் போடவே இல்லை, யாரோ போட்டதைப் பார்த்திருக்கிறீர்கள்.

எனக்கும் அந்தக் கரைதான், தொண்டிப் பக்கம். சின்ன வயதில் பெரியம்மா நண்டு கழிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ காலைகள் பார்த்திருக்கிறேன். இரண்டு விரல் போய் வரும், நண்டு கூடையில் விழும். ஒரு நாள் வலையை என் மடியில் போட்டார். முதல் நண்டுக்குக் கால் மணி நேரம் ஆனது. இழுத்தால் வலை நரம்பு இன்னும் இறுகியது. கால் ஒடிந்தால் விலை போகாது என்ற பயம் வேறு. எந்தக் கண்ணி கடைசியாகச் சுற்றியது என்று தேடி, அதை முதலில் எடுக்க வேண்டும் என்பது அந்தக் கால் மணி நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அதை நீங்கள் தினமும் செய்கிறீர்கள், நான் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்பா கழித்துப் போட்ட வலையை வெறுமனே பார்த்திருந்தால் உங்களுக்கு அந்த வேலை வந்திருக்குமா?

நான் எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வில் முதல் தடவை தோற்றேன். அந்த வருஷம் நோட்டு நோட்டாகக் கணக்கு எழுதி வைத்திருந்தேன். தோற்ற பிறகு ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே விடையைப் பார்த்து அழகாக எழுதியவை. அடித்துத் திருத்திய பக்கம் அபூர்வம். அதனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் பதறியது. உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அது போதும்.

சரி, ஒரு கணக்கைக் கையில் எடுப்போம். ஒரு தொடர் ஒருங்குகிறது, அதாவது கன்வெர்ஜ் ஆகிறது: உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் தொகை ஏதோ ஓர் எண்ணை நெருங்கிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு உறுப்பையும் வர்க்கப்படுத்தினால் கிடைக்கும் தொடரும் கட்டாயம் ஒருங்குமா? பார்த்தவுடன் ஆமாம் என்று தோன்றும். உறுப்புகள் பூஜ்ஜியத்தை நோக்கிப் போகின்றன, சின்ன எண்ணின் வர்க்கம் இன்னும் சின்னது, அப்புறம் என்ன? இந்த இடத்தில் விடையைப் பார்த்தால் "தவறு" என்று ஒரு வார்த்தையும் கீழே ஓர் உதாரணமும் இருக்கும். படித்து, தலையாட்டி, மறந்துவிடுவோம். பார்க்காமல் இருந்தால்? நிரூபிக்க முயல்வீர்கள். எல்லா உறுப்புகளும் மிகை, அதாவது பாசிட்டிவ், என்றால் நிரூபணம் சுலபமாக வந்துவிடும். ஆனால் கேள்வியில் மிகை என்று இல்லையே என்று அப்போதுதான் உறைக்கும். குறி மாறி மாறி வந்தால் கழித்தல் உதவியால் தொடர் ஒருங்கலாம், வர்க்கம் அந்தக் கழித்தலைத் துடைத்துவிடும். அப்படி ஒன்றைத் தேடினால் 1 − 1/√2 + 1/√3 − 1/√4 + … என்று தானாக வந்து நிற்கும். வர்க்கப்படுத்தினால் 1 + 1/2 + 1/3 + 1/4 + …, அது ஒருங்காது என்பது உங்களுக்கே தெரியும். இதற்கு முக்கால் மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். இனி "மிகை" என்ற சொல் ஒரு கேள்வியில் இருக்கிறதா இல்லையா என்று உங்கள் கண் தானாகத் தேடும்.

நீங்கள் சொல்லும் பகுதியில் 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். தவறுக்குக் கழிவு இல்லை, ஆனால் சரியானவை அனைத்தையும், அவற்றை மட்டுமே, தேர்ந்தெடுத்தால்தான் மதிப்பெண். பாதி சரிக்குப் பாதி கிடையாது. நான்கு கூற்றுகளில் மூன்றைப் பற்றி நிச்சயம் இருந்தும் நாலாவதில் சறுக்கினால் பூஜ்ஜியம். அதனால் எதிர் உதாரணங்களுக்கென்றே, அதாவது ஒரு கூற்று தவறு என்று காட்டும் உதாரணங்களுக்கென்றே, ஒரு தனி நோட்டுப் போடுங்கள். மேலே சொன்ன தொடர் அதன் முதல் பக்கத்தில் இருக்கட்டும். நீங்களே கண்டுபிடித்தவை மட்டும் அதில் ஏற வேண்டும்.

தமிழ்வழி காரணம் இல்லை. கேள்வித்தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கும், உண்மை. ஆனால் கணிதத்தில் நம்மைக் கவிழ்ப்பவை பெரிய சொற்கள் அல்ல. "கட்டாயம்", "ஏதாவது ஒன்று", "ஒவ்வொன்றுக்கும்", "மட்டுமே", இந்தப் பொருள் தரும் குட்டிக் குட்டிச் சொற்கள்தான். ஆங்கிலவழியில் படித்தவர்களும் அங்கேதான் விழுகிறார்கள். கேள்வியைப் படித்ததும் ஒரு தடவை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் புரியவில்லை, பேனாவை எடுக்காதீர்கள்.

தினமும் பதினைந்து வேண்டாம், மூன்று போதும். வராத கணக்கை மூடி வைத்துவிட்டுத் தூங்குங்கள், மறுநாள் பஸ்ஸில் யோசியுங்கள். இரண்டு நாள் ஆகியும் வரவில்லை என்றால் விடையின் முதல் வரியை மட்டும் பாருங்கள், மீதியைக் கையால் மறையுங்கள். எங்கே சிக்கியது என்று ஓரத்தில் ஒரு வரி எழுதி, ஒரு வாரம் கழித்து வெறும் தாளில் மறுபடி போடுங்கள். வாடைக் காற்று பலத்து வள்ளம் இறங்காத காலைகளில் வலை வேலை குறைவாக இருக்குமே, அந்த நேரம் நீளமான கணக்குகளுக்கு. கடிகாரம் இப்போது வேண்டாம். 60 கேள்விக்கு 3 மணி நேரம் என்பது கேள்விக்குச் சராசரி 3 நிமிடம், அந்த ஓட்டத்தை ஜனவரியில் பழகிக்கொள்ளலாம். பழைய கேள்வித்தாள்கள் தேர்வின் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். இரண்டு மூன்றைத் தொடாமல் வைத்திருங்கள்.

இன்று ராத்திரிக்கு ஒரு கணக்கு தருகிறேன். எல்லா உறுப்புகளும் மிகையாக உள்ள ஒரு தொடர் ஒருங்குகிறது. ஒவ்வொரு உறுப்பின் வர்க்கமூலத்தையும் எடுத்து, அந்த உறுப்பின் வரிசை எண்ணால் வகுக்கிறோம். கிடைக்கும் புதிய தொடர் கட்டாயம் ஒருங்குமா? பதினொன்றாம் வகுப்பில் நீங்கள் தமிழில் படித்த ஒரு சமனின்மையே இதற்குப் போதும். விடையை இங்கே எழுதப் போவதில்லை. எழுதி அனுப்புங்கள். அடித்த பக்கங்களையும் சேர்த்து அனுப்புங்கள், அவற்றைத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
அண்ணன்