அமீபா கல்லீரல் கட்டி: மருந்து முடிந்த பிறகும் ஸ்கேனில் தெரிகிறதே, ஏன்?

உங்கள் அண்ணனுக்குக் காய்ச்சலும் வலது விலாப் பக்கம் வலியும் வந்தது, கல்லீரலில் 6 செ.மீ. சீழ்க்கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது, அமீபாவைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மருந்து கொடுத்ததும் காய்ச்சல் நின்றது. ஆனால் ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனிலும் 5 செ.மீ. இருக்கிறது, மருந்து வேலை செய்யவில்லையா, சி.டி. எடுக்கணுமா என்று கேட்கிறீர்கள்.

நான் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர். அண்ணனுக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, பசி எடுத்துச் சாப்பிடுகிறார் என்றால் மருந்து வேலை செய்துவிட்டது. சி.டி. வேண்டாம்.

அமீபா என்பது குடலில் வாழும் ஒற்றைச் செல் கிருமி, ரத்தம் வழியாகக் கல்லீரலுக்குப் போகும். ஸ்கேனில் அந்த அமீபா தெரியாது, அது உண்டாக்கிய குழிதான் தெரியும். அமீபா செத்த பிறகும் குழிக்குள் இருக்கும் குழம்பு மெல்ல மெல்லத்தான் வற்றும். முழுதாக மறைய மூன்று முதல் ஒன்பது மாதம் ஆவது சாதாரணம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். மருந்து தொடங்கிய முதல் நாட்களில் கட்டி கொஞ்சம் பெரிதாகத் தெரிவதும் உண்டு. நலமாக இருப்பவரை மாதாமாதம் ஸ்கேனுக்கு அழைத்து வந்து வீட்டில் எல்லோரும் பயந்துபோவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

முதல் ஸ்கேனை வைத்து அமீபா என்று எப்படிச் சொன்னார்கள் என்றால், ஸ்கேன் படம் பாதி விடைதான் தரும். பெருங்குடலின் வலப்பக்கத்து ரத்தம் பெரும்பாலும் கல்லீரலின் வலது மடலுக்குப் போவதால் கட்டி அங்கேதான் அதிகம் வரும், அதுவும் மேல்பக்கம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை ஒட்டி. அந்த இடத்தை நுரையீரல் மறைக்கும். அதனால்தான் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, விலா எலும்புகளுக்கு இடையே தேடுகிறோம். அமீபா கட்டி படத்தில் உருண்டையாக, கருமையாக இருக்கும், உள்ளே பொடிப்பொடியாகச் சாம்பல் நிறம், தடித்த சுவர் இல்லை, பின்பக்கம் வெளிச்சம் கூடுதல். ஆனால் பாக்டீரியா சீழ்க்கட்டியும் அச்சு அசல் இப்படியே இருக்கலாம். சீழாக இளகாத ஆரம்ப நாட்களில் அமீபா கட்டி கெட்டியான புற்றுநோய்க் கட்டி மாதிரியும் தெரியும். நாலைந்து நாள் கழித்துப் பார்த்தால் உள்ளே இளகியிருக்கும்.

மீதிப் பாதி நோயாளியிடம் இருக்கிறது. இந்தக் கட்டி பெரும்பாலும் நடுத்தர வயது ஆண்களுக்குத்தான் வருகிறது. யாழ்ப்பாணத்தில் இந்த நோயோடு வந்தவர்களில் கள் குடிக்கும் ஆண்களே மிக அதிகம். பலருக்கு வயிற்றுப்போக்கே இருக்காது, மலப் பரிசோதனையிலும் ஒன்றும் கிடைக்காது. ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது அமீபாவை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம், இருக்கிறதா என்று பார்ப்பது உதவும், ஆனால் எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் அது பாசிட்டிவ் காட்டும். ஆகவே மெட்ரோனிடசோல் தொடங்கி மூன்று நாளில் காய்ச்சல் இறங்குகிறதா என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். இறங்காவிட்டால் ஸ்கேன் பார்த்தபடியே ஊசி போட்டுச் சீழ் எடுத்துப் பார்க்க வேண்டும். இடது மடலில் இருந்தால் காத்திருப்பது ஆபத்து, இதயத்தின் உறைக்குள் உடைந்துவிடலாம்.

மறுபடி காய்ச்சல், மூச்சு வாங்குதல், தோள்பட்டை வலி, திடீர் வயிற்று வலி, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அப்போது ஸ்கேன் கட்டாயம் வேண்டும். அப்புறம் இன்னொன்று. மெட்ரோனிடசோல் கல்லீரலில் இருப்பதைக் கொல்லும், குடலில் ஒளிந்திருப்பதை முழுதாகக் கொல்லாது. அதற்கு டைலாக்சனைடு போன்ற மாத்திரை தனியாகப் பத்து நாள் கொடுப்பார்கள். அண்ணனின் மருந்துச் சீட்டில் அது இருந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.