நீதிமொழிகள் 14:1 உங்களைக் குற்றப்படுத்தும் வசனம் அல்ல

சகோதரி, சண்டை வரும்போதெல்லாம் உங்கள் கணவர் "புத்தியுள்ள ஸ்திரீ தன் வீட்டைக் கட்டுகிறாள்" என்ற வசனத்தைச் சொல்லி, வீட்டில் எது நடந்தாலும் நீங்கள்தான் காரணம் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனம் கனத்துவிட்டது.

வேதாகமத்தின் நீதிமொழிகள் புத்தகத்தில் அந்த வசனம் தனியாக நிற்கவில்லை. அதற்குச் சற்று முன்னால், 9:1ல், ஞானமே ஒரு பெண்ணாக வந்து ஏழு தூண்களோடு தன் வீட்டைக் கட்டுகிறது. அப்புறம் 24:3ஐப் பாருங்கள்: "வீடு ஞானத்தினாலே கட்டப்பட்டு, விவேகத்தினாலே நிலைநிறுத்தப்படும்." அங்கே ஆண், பெண் என்ற பேச்சே இல்லை. ஞானம் இருவருக்கும் வேண்டும். ஒருவர் கட்ட, மற்றவர் குறை சொல்லிக்கொண்டு நிற்பது வேதம் காட்டும் குடும்பம் இல்லை என்றே நான் நம்புகிறேன். கொலோசெயர் 3:19 கணவர்களிடம் நேராகவே பேசுகிறது: மனைவிமேல் கசந்துகொள்ளாதிருங்கள்.

சண்டையின் நடுவில் இதைச் சொல்லாதீர்கள். அது பதிலடியாகத்தான் அவர் காதில் விழும். அமைதியான ஒரு மாலையில் 24ஆம் அதிகாரத்தைச் சேர்ந்து வாசிக்கக் கூப்பிடுங்கள். "இந்த வாரம் நாம் ரெண்டு பேரும் எதைக் கட்டலாம்?" என்று கேளுங்கள். அவர் கை ஓங்குகிறவராக இருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.