அது ‘ஏதோ புல்’ அல்ல, தம்பி

கேள்வி: தாய்லாந்தின் கோன் கேன் நகரில் இரண்டு ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மரியாதையே தெரியவில்லை. ‘சார்’ என்று அழைக்காமல் ‘டீச்சர்’ என்கிறார்கள். கழிப்பறைக்குப் போக ‘டீச்சர், டாய்லெட்’ என்று மொட்டையாகக் கேட்கிறார்கள். ‘ப்ளீஸ்’ சொல்லாவிட்டால் 5 பாட் அபராதம் என்று உண்டியல் வைத்தும் பயனில்லை. ஜூன் மாதம் ஆசிரியர் வணக்க விழாவில் மட்டும் மண்டியிட்டு, ஏதோ புல்லும் பூவும் வைத்த தட்டைக் கொடுத்தார்கள். இவர்களுக்குப் பண்பை எப்படிக் கற்பிப்பது?

பதில்: ‘ஏதோ புல்லும் பூவும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஏதோ’வைத் தாண்டி என்னால் உங்கள் கடிதத்தைப் படிக்க முடியவில்லை.

‘வாய் க்ரூ’ என்கிற அந்த ஆசிரியர் வணக்க விழாவின் தட்டில் வைக்கிற புல் அறுகம்புல், தம்பி. நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல். மிதிபட்டாலும் மறுபடி தளிர்த்துப் பரவும். மாணவனின் படிப்பும் பொறுமையும் அப்படி இருக்க வேண்டும் என்று வைக்கிறார்கள். கூடவே இட்லிப் பூ. அதன் மொட்டு ஊசிபோல் இருப்பதால் கூர்மையான அறிவுக்கு அடையாளம். மூன்றாவது கத்தரிப் பூ. அது தலை கவிழ்ந்து பூக்கும், ஆகவே பணிவுக்கு. பணிவில்லை என்று நீங்கள் குறைசொல்கிற பிள்ளைகள் அந்தப் பணிவையே பறித்துவந்து உங்கள் முன் மண்டியிட்டிருக்கிறார்கள். இது என்ன பூ என்று ஒரு பிள்ளையிடம்கூட நீங்கள் கேட்கவில்லை.

‘க்ரூ’ என்பது நம் ‘குரு’தான். அதைத்தான் ‘டீச்சர்’ என்று ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பள்ளியில் நீங்களும் ‘டீச்சர்’ என்று கூப்பிட்டுத்தானே வளர்ந்தீர்கள்?

தாய்லாந்து மொழியில் மரியாதை வாக்கியத்தின் கடைசியில் நிற்கும். பையன் ‘க்ரப்’ என்று முடிப்பான், பெண் ‘கா’ என்று முடிப்பாள். நாம் ‘வாங்க’ என்பதில் வருகிற ‘ங்க’ மாதிரி. ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை; அதனால்தான் மொட்டையாகக் கேட்கிறது. எதையாவது கேட்க ‘கோ’ என்று தொடங்குவார்கள்: ‘கோ பாய் ஹோங் நாம் க்ரப்’, அதாவது ‘கழிப்பறைக்குப் போகட்டுமாங்க’. அந்த ‘கோ’ இருக்கிற இடத்தில் ‘மே ஐ’ வரும் என்று பலகையில் எழுதிக் காட்டுங்கள். முதலில் அவர்களுடைய வாக்கியத்தை நீங்கள் தட்டுத்தடுமாறிச் சொல்லுங்கள், அவர்கள் திருத்தட்டும். வாயே திறக்காத பிள்ளையைத் திமிர் பிடித்தது என்று எண்ணிவிடாதீர்கள். பெரியவர்களுக்குத் தொந்தரவு கொடுக்கத் தயங்குவதை அங்கே ‘க்ரெங் ஜாய்’ என்பார்கள். அதை வீட்டில் கற்பித்துத்தான் அனுப்புகிறார்கள்.

அந்த உண்டியலை நாளையே உடையுங்கள். அது பிள்ளைகளின் அம்மா தின்பண்டம் வாங்கக் கொடுத்த காசு. பெற்றவர்கள் ஊட்டி வளர்த்த மரியாதையைப் புரிந்துகொள்ளாமல் அபராதம் வாங்க உங்களுக்கு உரிமை இல்லை. ஆசிரியர் இன்னொரு பெற்றோர் என்று நம்புகிறவள் நான். பெற்றோர் பிள்ளையின் சட்டைப்பைக்குள் கைவிட மாட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுத் திருப்பிக் கொடுங்கள். கொடுக்கும்போது ‘கோ தோட் க்ரப்’ என்று சொல்லுங்கள். மன்னிப்புக் கேட்கவும் அங்கே அதே ‘கோ’தான்.