இரவல் புத்தகத்தின் வரிகளுக்கு ஒரு செயலி: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். நூலகத்தில் எடுத்துப் படிக்கும் புத்தகங்களில் மனதில் நிற்கும் வரிகளைப் பல வருடங்களாக டைரிகளில் எழுதி வைத்திருக்கிறேன். தேவைப்படும்போது எதுவும் கைக்குச் சிக்குவதில்லை. எக்செல் நன்றாகத் தெரியும், பைதான் ஓரளவு கற்றிருக்கிறேன். எனக்கென்று ஒரு செயலியை நானே செய்துகொள்ள முடியுமா? எஸ்டேட் பக்கம் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. என்னுடையது ஆண்ட்ராய்டு போன்.

பதில்: தாராளமாக முடியும். உங்களுக்குத் தெரிந்த பைதானே போதும். ஆனால் திரையின் தோற்றத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். சொந்தப் புத்தகம் என்றால் சந்தேகம் வரும்போது அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்துவிடலாம். நூலகப் புத்தகம் திரும்பிப் போய்விடும். அதன் பிறகு அந்த வரி அதில் அப்படித்தான் இருந்தது என்பதற்கு உங்கள் குறிப்பைத் தவிர வேறு சாட்சி இல்லை. எனவே வரியைச் சேமிப்பதைப் போலவே அது வந்த இடத்தைச் சேமிப்பதிலும் கவனம் வேண்டும். ஆசை ஆசையாகச் செய்யப்படும் இத்தகைய செயலிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பலவீனமாக இருக்கின்றன.

முதலில் எக்செல்லில் ஐம்பது வரிகளை ஏற்றிப் பாருங்கள். எந்தப் பத்தி (நெடுவரிசை) உண்மையில் தேவை என்பது அப்போதுதான் புரியும். நூல், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, பக்கம் ஆகியவை கட்டாயம். நாட்டுடைமையான நூல்களைப் பல பதிப்பகங்கள் வெளியிடுகின்றன. பக்க எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். பதிப்பைக் குறிக்காத பக்க எண்ணால் பயனில்லை. பக்கத்துக்கான பத்தியை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வையுங்கள். முன்னுரைப் பக்கங்களுக்கு ரோமன் எண் இருக்கும். திருக்குறளுக்குப் பக்கமே வேண்டாம், 1 முதல் 1330 வரையிலான குறள் எண் போதும்.

இன்னும் இரண்டு பத்திகளை வற்புறுத்திச் சொல்வேன். ஒன்று, கூற்று யாருடையது. நாவலில் ஒரு கொடுமைக்கார மாமனார் பேசும் வசனத்தை ஆசிரியரின் பெயரில் சேமித்தால், பத்து வருடம் கழித்து அது ஆசிரியரின் கருத்தாகவே உங்கள் நினைவில் மாறியிருக்கும். ஒரு கட்டுரையாளர் வேறொருவரை மேற்கோள் காட்டும்போதும் இதே ஆபத்துதான். இரண்டாவது, இது அச்சில் உள்ளபடியா, உங்கள் சொற்களில் சுருக்கியதா என்ற குறிப்பு. இவ்விரண்டும் இல்லாத மேற்கோளைப் பிறரிடம் எடுத்துச் சொல்லவே கூடாது என்பது என் கருத்து.

பிறகு எஸ்கியூலைட் என்ற எளிய தரவுத்தள மென்பொருளுக்கு மாறுங்கள். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். பைதானுடன் சேர்ந்தே வருவதால் தனியாக நிறுவ வேண்டியதில்லை. நூல்களுக்கு ஓர் அட்டவணை, வரிகளுக்கு ஓர் அட்டவணை, குறிச்சொற்களுக்கு ஒன்று, வரியையும் குறிச்சொல்லையும் இணைக்க ஒன்று. எக்செல்லிலிருந்து ஏற்றுமதி செய்யும்போது யூடிஎஃப்-8 சிஎஸ்வி என்ற வகையையே தேர்ந்தெடுங்கள். சாதாரண சிஎஸ்வியில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

சிக்னல் பிரச்சினைக்கு என் பரிந்துரை டெர்மக்ஸ். ஆண்ட்ராய்டு போனிலேயே பைதானை இயக்க அது உதவும். அதில், பைதானில் இணையப் பக்கங்கள் அமைக்க உதவும் பிளாஸ்க்கை நிறுவி, ஒரு படிவமும் ஒரு தேடல் பக்கமும் எழுதினால், போனின் பிரவுசரிலேயே உங்கள் செயலி திறக்கும். நிறுவும்போது மட்டும் இணையம் வேண்டும். அதன் பிறகு மலையின் எந்த மூலையிலும் வேலை செய்யும். அதே நிரலை வீட்டுக் கணினியிலும் ஓட்டலாம்.

தமிழுக்கென்றே உள்ள சிக்கல்களுக்கு வருகிறேன். ஆங்கில வழிகாட்டிகளில் இவற்றைப் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வெவ்வேறு. ஒரு விதமாகச் சேமித்த ‘கொடி’யை மறு விதமாகத் தேடினால் கிடைக்காது. பைதானில் உள்ள யூனிகோட்டேட்டா தொகுதியின் நார்மலைஸ் கட்டளையை, இரு விதங்களையும் ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி என்ற வடிவத்துக்கு, சேமிக்கும்போதும் தேடும்போதும் பயன்படுத்துங்கள். ஆனால் ‘ஔ’ எழுதவேண்டிய இடத்தில் ‘ஒ’வையும் ‘ள’வையும் தட்டியிருந்தால் இது திருத்தாது, அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

தேடலில் இன்னொரு பொறி இருக்கிறது. எஸ்கியூலைட்டின் எஃப்டிஎஸ்5 முழுவுரைத் தேடல், இயல்பான அமைப்பில், தமிழ் உயிர்மெய்க் குறிகளைச் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளாது. ‘காபி’ என்பதை ‘க’, ‘ப’ என்று உடைத்துவிடும். விளைவு, காபி என்று தேடினால் ‘கோபாலன்’ வந்து நிற்கும். சில ஆயிரம் வரிகளுக்கு அந்த வசதியே தேவையில்லை. தட்டிய எழுத்துகள் வரிக்குள் எங்கிருந்தாலும் கண்டுபிடிக்கும் சாதாரண லைக் தேடல் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். காபிக்கு, காபியின் என்று வேற்றுமை உருபு ஏறிய சொற்களும் சேர்ந்து கிடைக்கும். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ வராது என்பதால் ‘மரத்’ என்றும் ஒரு முறை தேடிப் பாருங்கள்.

குறிச்சொற்களைத் தட்டச்சு செய்ய விடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமையுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் மரணம், ஒரு நாள் இறப்பு, இன்னொரு நாள் சாவு என்று எழுதி, ஒரே பொருளை மூன்று இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள். இருபது சொற்களுக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

உள்ளிடும் முறை எளிதாக இருக்கட்டும். படிக்கும்போது பக்கத்தைப் படம் எடுத்து, பக்க எண்ணை மட்டும் பதிந்துவிட்டுப் படிப்பைத் தொடருங்கள். பதிப்பு விவரம் அச்சிட்ட பக்கத்தையும் ஒரு படம் எடுங்கள். அச்சுத் தமிழைப் படத்திலிருந்து எழுத்தாக்க டெசராக்ட் என்ற மென்பொருள் உதவும். ஆனால் ‘ர’வும் காலும் இடம் மாறுவது, புள்ளி விட்டுப்போவது போன்ற பிழைகள் வரும். நூலகத்துக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து எல்லாவற்றையும் மூலத்துடன் ஒப்பிட்டுவிடுங்கள். தனிப்பட்ட பயன்பாட்டுக்காக இப்படிக் குறித்துக்கொள்வது நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கும் நியாயமான பயன்பாட்டுக்குள் வரும். பொதுவெளியில் பக்கம் பக்கமாக வெளியிடுவது வேறு விஷயம்.

டெர்மக்ஸை நீக்கினால் அதற்குள் இருக்கும் கோப்புகளும் போய்விடும். எனவே தரவுத்தளக் கோப்பை வாரம் ஒரு முறை போனின் பொதுச் சேமிப்பிடத்துக்கு நகலெடுங்கள்; சேலத்துக்கு இறங்கும் நாள்களில், சிக்னல் நன்றாக இருக்கும்போது, கூகுள் டிரைவிலும் ஒரு பிரதி ஏற்றுங்கள்.

பழைய டைரிகளை ஒரே மூச்சில் தட்டச்சு செய்ய முயன்று களைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, டைரி எண்ணையும் நூலின் பெயரையும் மட்டும் ஏற்றுங்கள். பக்க எண் இல்லாதவற்றுக்குச் ‘சரிபார்க்கவில்லை’ என்று ஓர் அடையாளம் இடுங்கள். அந்த நூல்களின் பட்டியலை மட்டும் தனியாகக் காட்ட ஒரு பொத்தான் வைத்தால், அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது எதைத் தேடி எடுப்பது என்று அதுவே சொல்லிவிடும்.