மருந்தடித்த பிறகு சதை துடிப்பது ஏன்?

கேள்வி: பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்த என் அப்பாவுக்கு அன்று மாலை எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது, கண்ணில் நீர் வடிந்தது, தொடைச் சதை தானாகத் துடித்தது. மோர் குடித்துப் படுத்தவர் காலையில் தெளிவாக எழுந்துவிட்டார். இது வெயில் களைப்புதானா?

பதில்: வெயில் களைப்பில் நாக்கு வறளும், எச்சில் ஊறாது. எந்த மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால், இந்த மூன்று அறிகுறிகளும் ஒன்றாக வந்திருப்பதால், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தையோ கார்பமேட் வகைப் பூச்சிமருந்தையோதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சதை ஏன் துடித்தது என்று புரிய, நரம்பு தசைக்கு எப்படிச் செய்தி சொல்கிறது என்று முதலில் பார்ப்போம். நரம்பிழையின் உட்புறம், ஓய்வில், வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் நிலையில் இருக்கும். கட்டளை வந்ததும் சவ்விலுள்ள நுண்வாயில்கள் திறந்து சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதால் அவ்விடம் கணநேரம் நேர்மின்னாக மாற, அம்மாற்றமே அடுத்த வாயில்களையும் திறந்துவிட்டு நுனிவரை ஓடுகிறது. அந்த மின்சாரம் தசைக்குள் தாவுவதில்லை. நுனியில் கால்சியம் நுழைந்ததும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிப்பட்டு, இடைவெளியைக் கடந்து தசையைத் தூண்டுகிறது. (1921-இல் ஆட்டோ லோவி என்ற விஞ்ஞானி, நரம்பைத் தூண்டி மெதுவாக்கிய ஒரு தவளை இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை இன்னொரு இதயத்தின்மேல் விட்டார், அதுவும் மெதுவானது. அதற்குக் காரணமும் இதே பொருள்தான்.)

சொன்ன செய்தியை உடனே அழிக்கவும் வேண்டுமல்லவா? அதைச் செய்வது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. மேற்சொன்ன மருந்துகள் இந்த நொதியை முடக்கிவிடுவதால், அசிட்டைல்கோலின் தேங்கி, தசையையும் சுரப்பிகளையும் ஓயாமல் தூண்டிக்கொண்டிருக்கிறது. அப்பாவின் தொடையில் நீங்கள் பார்த்தது அதைத்தான். இதுவே மூச்சுத் தசைகளில் முற்றினால், அவை துடித்துத் துடித்துக் கடைசியில் செயலிழந்துவிடும்.

காலையில் தெளிந்துவிட்டதை வைத்து நிம்மதியடைய வேண்டாம். கார்பமேட் என்றால் நொதி ஒரு நாளுக்குள் பெரும்பாலும் மீண்டுவிடும். ஆர்கனோபாஸ்பேட் என்றால் வாரக்கணக்கில் ஆகலாம், அதற்குள் மீண்டும் தெளித்தால் பாதிப்பு முன்னதன்மேல் ஏறும். இரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்த்து மருத்துவர் சொல்லும்வரை அவர் தெளிப்பானைத் தொடக் கூடாது.

இனி இப்படி நேர்ந்தால் மோரோ எலுமிச்சைச் சாறோ கொடுத்துக் காத்திருக்காதீர்கள். வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். கையுறை அணிந்து உடைகளைக் களைந்து, தலைமுடி, நகக்கண் உட்பட சோப்பு போட்டுக் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டோடு 108-இல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே போடும் அட்ரோபின் ஊசி எச்சிலையும் நுரையீரலில் சேரும் நீரையும் கட்டுப்படுத்தும். சதைத் துடிப்பை நிறுத்தாது. ஆர்கனோபாஸ்பேட்டின் பிடியிலிருந்து நொதியை விடுவிக்கப் பிராலிடாக்சைம் என்ற மாற்று மருந்து கொடுப்பதுண்டு. நேரம் கடந்தால் அந்தப் பிடி இறுகி, மாற்று மருந்து பலிக்காமல் போகும். அன்று உடுத்தியிருந்த சட்டையையும் கைலியையும் வீட்டுத் துணிகளோடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம்.