டியூட்டி முடிந்து பேஷண்டுகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ‘ஓவர்’ கொடுக்கும்போது எதுவும் விட்டுப்போகாமல் இருக்க: ஒரு சீனியர் நர்ஸின் பதில்கள்

மதுரை, வார்டு நர்ஸ்: நைட் முடிந்து முப்பது பேஷண்டுக்கு ஓவர் கொடுக்கிறேன். தினமும் ஏதாவது விட்டுப்போகிறது. என்ன செய்யட்டும் அக்கா?

ஐ-பாஸ் (I-PASS) என்ற ஓவர் முறையைப் பழகும்மா. நோயின் தீவிரம், சுருக்கம், செய்ய வேண்டிய வேலை, எது நடந்தால் என்ன செய்வது, கேட்டவர் திருப்பிச் சொல்வது என்று ஐந்து படி. பெட் நம்பர் வரிசையில் போகாதே. மோசமாக இருக்கும் இரண்டு மூன்று பேரை முதலில் சொல்லிவிடு.

கோவை, ஹவுஸ் சர்ஜன்: இதற்கெல்லாம் நேரம் ஏது சிஸ்டர்?

அமெரிக்கா, கனடாவில் 9 மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் செய்த ஆய்வு 2014-ல் வெளியானது டாக்டர். ஐ-பாஸும் அதற்கான பயிற்சியும் வந்தபின் மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. ஒரு பேஷண்டுக்கு ஓவர் கொடுக்க முன்பு 2.4 நிமிடம், பிறகு 2.5 நிமிடம். அவ்வளவுதான் வித்தியாசம்.

நெல்லை, ஸ்டாஃப் நர்ஸ்: திருப்பிச் சொல்லச் சொன்னால் சீனியர்கள் முகம் சுளிக்கிறார்கள். அந்தப் படியை விட்டுவிடலாமா?

எதை விட்டாலும் அதை விடாதே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு காலை, "ஆறாம் பெட்டுக்குப் பொட்டாசியம் சொல்லியிருக்காங்க" என்று ஓவர் கொடுத்தார்கள். டாக்டர் போடச் சொல்லியிருக்கிறார், இன்னும் போடவில்லை என்பது அதன் அர்த்தம். டெஸ்ட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். பொட்டாசியம் ரொம்பக் குறைவு, 2.8 என்று ரிப்போர்ட் கேஸ் ஷீட்டிலேயே இருந்தது. பதினொரு மணிக்கு மானிட்டரில் துடிப்பு தாறுமாறாக ஓடியபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். "அப்போ நான்தான் போடணுமா அக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நம் பேச்சில் "சொல்லியாச்சு", "பார்த்துக்கோ" எல்லாம் இப்படித்தான், இரண்டு பக்கமும் அர்த்தம் கொடுக்கும். யார், எதை, எத்தனை மணிக்கு என்று கேட்டு முடி. சீனியரிடம், "நான் எழுதினது சரியான்னு பாருங்கக்கா" என்று நீயே வாசித்துக் காட்டு. யாரும் கோபப்பட மாட்டார்கள்.

சேலம், நைட் டியூட்டி நர்ஸ்: டாக்டரை போனில் எழுப்பினால் வாய் குழறுகிறது.

அதற்கு எஸ்பார்: நிலைமை, பின்னணி, உன் கணிப்பு, உனக்கு என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்த முறை. "பெட் 12, பிபி 80/50, பல்ஸ் 128. நேற்று பித்தப்பை ஆபரேஷன் ஆனவர். ட்ரெயின் குழாயில் ஒரு மணி நேரத்தில் 300 மில்லி ரத்தம். உள்ளே ரத்தம் கசிகிறது என்று நினைக்கிறேன். உடனே வாருங்கள் டாக்டர்." நான்காவதைச் சொல்லத்தான் நாம் தயங்குகிறோம். போனை எடுக்குமுன் அந்த ஒன்றை மட்டுமாவது தாளில் எழுதிக்கொள்.