உதகை தாவரவியல் பூங்காவும் சுற்றுப்புறமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கோடை விடுமுறை நெருங்குவதால் இம்முறை உதகை பற்றிய கடிதங்களே மிகுதியாக வந்துள்ளன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்த மாதத்தில் போகிறீர்கள், உடன் வருபவர்கள் யார் என்பதைக் குறிப்பிடாமல் "எதைப் பார்க்கலாம்?" என்று மட்டும் எழுதுபவர்களுக்குப் பயனுள்ள பதிலைத் தர இயலாது என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன்.

கேள்வி: கோவையிலிருந்து அதிகாலையில் காரில் புறப்பட்டு, தாவரவியல் பூங்கா, ரோஜா பூங்கா, தொட்டபெட்டா, படகு இல்லம், பைக்காரா, குன்னூர் சிம்ஸ் பூங்கா ஆகிய அனைத்தையும் பார்த்துவிட்டு இரவே வீடு திரும்ப இயலுமா?

பதில்: இயலாது. வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. உதகையிலிருந்து பைக்காரா ஒரு திசையில் 20 கி.மீ., குன்னூர் அதற்கு எதிர்த்திசையில் 20 கி.மீ.; கோவையிலிருந்து மலையேறி இறங்குவதற்கே ஆறு ஏழு மணி நேரம் போய்விடும். ஒரு நாள்தான் உண்டு என்றால் இரண்டு இடங்களுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். சீசன் காலத்தில் ஏறுவதற்குக் குன்னூர்ச் சாலை, இறங்குவதற்குக் கோத்தகிரிச் சாலை என்று போக்குவரத்தை ஒருவழியாக்குவது வழக்கம் என்பதால், ஏறும்போதே காலையில் சிம்ஸ் பூங்காவைப் பார்த்துவிட்டு, எஞ்சிய நேரம் முழுவதையும் தாவரவியல் பூங்காவுக்குக் கொடுப்பதே சரியான ஏற்பாடு. 1874-இல் ஓர் இயற்கைப் பள்ளத்தாக்கின் சரிவிலேயே அமைக்கப்பட்ட சிம்ஸ் பூங்கா, உதகையைவிட ஏறத்தாழ 400 மீட்டர் தாழ்வாகவும் சற்று வெப்பமாகவும் இருப்பதால், உதகையின் குளிரில் தழைக்காத சில மரங்கள் அங்கே நன்கு வளர்ந்திருப்பதைக் காணலாம். ருத்திராட்ச மரத்தையும் அங்கே தேடிப் பாருங்கள்.

கேள்வி: மலர்க் கண்காட்சி நாள்களில் போவது நல்லதா, மற்ற நாள்களில் போவது நல்லதா?

பதில்: கண்காட்சியைப் பார்க்க விரும்பினால் கண்காட்சிக்குப் போங்கள், தாவரங்களைப் பார்க்க விரும்பினால் வேறு நாளில் போங்கள். 1896-இல் தொடங்கி 2023-இல் 125-ஆவது முறையாக நடைபெற்ற அந்த மே மாதக் கண்காட்சியில் தோட்டக்கலைத் துறையினரின் பல மாத உழைப்பு வெளிப்படுகிறது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அந்த நாள்களில் கூட்டம் உங்களை நகர்த்திக்கொண்டே செல்லும். ஒரு மரத்தடியில் ஐந்து நிமிடம் நின்று பார்க்க விடாது. ஏப்ரல் மாதத்தின் வேலை நாள்களும், இரண்டாம் சீசனான செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் அமைதியாகப் பார்ப்பதற்கு உகந்தவை. எந்த மாதமாக இருந்தாலும் காலை ஒன்பது மணிக்குள் பூங்காவில் இருங்கள். நண்பகலுக்குப் பிறகு மூடுபனியோ மழையோ வந்துவிட வாய்ப்பு அதிகம்.

கேள்வி: ஜனவரியில் ரோஜா பூங்காவுக்குச் சென்றோம். பூக்களே இல்லை. நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறார்கள் அல்லவா?

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. ரோஜாவுக்குக் கவாத்து என்று ஒன்று உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் பூக்க வேண்டுமானால் குளிர்காலத்திலேயே கிளைகளை வெட்டிவிட வேண்டும். அப்போது செடிகள் குச்சிகளாகத்தான் நிற்கும். நூறாவது மலர்க் கண்காட்சியின் நினைவாக 1995-இல் 10 ஏக்கரில் உருவாக்கப்பட்டு, 2006-இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பிடம் விருது பெற்ற பூங்கா அது. பயணத்துக்கு முன் பூக்கும் பருவத்தை விசாரித்துக்கொள்வது பார்வையாளரின் பொறுப்பு. அதே ஜனவரியில் தாவரவியல் பூங்காவுக்குள் சென்றிருந்தீர்களானால், உறைபனியிலிருந்து காப்பதற்காகப் பணியாளர்கள் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் செடிகளால் மூடி வைத்திருப்பதையும், புல்வெளி விடியற்காலையில் வெண்மையாகக் கிடப்பதையும் கண்டிருப்பீர்கள். அதுவும் பார்க்க வேண்டிய ஒன்றே.

கேள்வி: தாவரவியல் பூங்காவில் புல்வெளியும் பூப்பாத்திகளும் தவிர வேறொன்றும் இல்லை, ஒரு மணி நேரத்தில் சலித்துவிட்டது. அடுத்த முறை அதைத் தவிர்த்துவிட்டு, பைன் காடு, யூகலிப்டஸ் தோப்பு போன்ற இயற்கையான இடங்களில் மட்டும் நாளைக் கழிக்கலாம் என்று இருக்கிறோம். சரிதானே?

பதில்: சரியன்று. இந்தக் கடிதத்தில் உள்ள இரண்டு தவறான எண்ணங்களும் எனக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டே இருப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலாவதாக, தாவரவியல் பூங்கா என்பது பூப்பாத்திகளுக்காக ஏற்பட்டதன்று. பாத்திகள் பருவத்துக்குப் பருவம் மாற்றி நடப்படுபவை. அங்கே தலைமுறைகளைக் கடந்து நிற்பவை மரங்கள். உதகையில் குடியேறிய ஐரோப்பியர்கள் சந்தா செலுத்திக் காய்கறி பயிரிடத் தொடங்கிய முயற்சியே அதன் தொடக்கம். 1848-இல், லண்டன் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் பொறுப்பேற்றுத் தொட்டபெட்டாவின் அடிச்சரிவைப் படிப்படியாகப் பண்படுத்திப் பூங்காவாக்கினார். மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைத் தரும் சின்கோனா மரங்களை 1860-களில் நீலகிரியில் வளர்த்துப் பெருக்கும் பொறுப்பும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. எந்தத் தாவரம் இந்த உயரத்திலும் குளிரிலும் பிழைக்கும் என்று சோதித்தறிந்த இடமாகவே அந்த 55 ஏக்கரைப் பார்க்க வேண்டும். கீழ்ப் புல்வெளியில் அமர்ந்து தின்பண்டம் தின்றுவிட்டுத் திரும்புபவர்கள் பெரணி இல்லத்தையும், இத்தாலியத் தோட்டத்தையும், மேல் சரிவில் நிற்கும் முதிர்ந்த மரங்களையும் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு மரத்தின் பெயர்ப்பலகையிலும் பெயர், குடும்பம், தாயகம் ஆகிய மூன்றையும் படியுங்கள். அடுக்கடுக்காக உரியும் காகிதப்பட்டை மரத்தின் முன்னும், குரங்கும் ஏற முடியாத மரம் என்று வழிகாட்டிகள் காட்டும் அரௌகேரியாவின் முன்னும் நின்று பாருங்கள். அந்தப் பட்டையை உரித்துப் பார்க்காதீர்கள். எந்த மரத்திலும் பெயர் செதுக்காதீர்கள். இலைகள் தயாரிக்கும் உணவை வேருக்குக் கொண்டுசெல்லும் திசு பட்டையின் உட்புறத்தில்தான் இருக்கிறது. அது அறுபடும் ஒவ்வோர் இடமும் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் திறந்துவிட்ட வாசலாகிறது. 150 ஆண்டு மரத்தின் மேல் இரண்டு பெயர்களும் ஓர் இதயக் குறியும் செதுக்கப்பட்டிருப்பதைக் காணும்போது எனக்கு ஏற்படும் வேதனையைச் சொல்லி மாளாது.

இரண்டாவதாக, நீங்கள் இயற்கை என்று கருதும் பைன் காடும் யூகலிப்டஸ் தோப்பும் மனிதர்கள் நட்டவை. இங்குள்ளவர்கள் கற்பூர மரம் என்றழைக்கும் யூகலிப்டஸ், விறகுத் தேவைக்காக 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. தோல் பதனிடப் பயன்படும் பட்டைக்காகப் பரப்பப்பட்ட சீகை மரமும் அந்த நாட்டினதே. பைன் மரமோ மெக்சிகோவிலிருந்து வந்தது. பைன் மரங்களின் அடியில் குனிந்து பாருங்கள்: உதிர்ந்த ஊசியிலைகளைத் தவிரப் பெரிதாக எதுவும் முளைத்திருக்காது. நீலகிரியின் உண்மையான மேல்மலை இயற்கை என்பது, மலை மடிப்புகளில் குட்டையான மரங்கள் நெருங்கி நிற்கும் சோலைக்காடும், அவற்றுக்கு இடையே சரிவுகளில் விரிந்து கிடக்கும் புல்வெளியும் சேர்ந்ததே ஆகும். மழையையும் மூடுபனியையும் வாங்கி மண்ணில் சேமித்து, மழை இல்லாத மாதங்களிலும் சிறிது சிறிதாக ஓடைகளில் விட்டுக்கொண்டிருப்பவை அவைதான். பவானியில் வரும் தண்ணீரைக் குடிப்பவர்கள் அந்தப் புல்வெளிகளுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள். மரமில்லாத அந்தச் சரிவுகளைத் தரிசு நிலம் என்று எண்ணி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சீகையும் கற்பூர மரமும் பைனும் நட்டுப் பெரும்பகுதியை இழந்துவிட்டோம். எனவே பூங்காவைத் தவிர்க்காதீர்கள். தவிர்ப்பதாக இருந்தால் பைன் காட்டைத் தவிர்த்து, வனத்துறை தன் வாகனத்தில் அழைத்துச் செல்லும் அவலாஞ்சிக்குப் போங்கள், அல்லது கோத்தகிரியில் லாங்வுட் சோலைக்குப் போங்கள். சுமார் 116 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சோலை 2024-இல் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டுள்ளது. வனத்துறையின் அனுமதியுடன் செல்லுங்கள். நீலகிரி ஈப்பிடிப்பான் போன்ற பறவைகளைக் காண விரும்பினால் பேசாமல் நடங்கள். பாதையை விட்டு இறங்காதீர்கள்.

கேள்வி: குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் என்கிறார்கள். ஆனால் ஏறக்குறைய ஒவ்வோர் ஆண்டும் எங்கோ பூத்ததாகச் செய்தி வருகிறதே?

பதில்: நல்ல கேள்வி. குறிஞ்சி என்பது ஒரே ஒரு செடியன்று. அந்தப் பேரினத்தில் பல இனங்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளன, அவற்றின் பூக்கும் சுழற்சியும் வெவ்வேறானது. பன்னிரண்டாண்டுக் கணக்கு நீலக்குறிஞ்சிக்கு உரியது. அதிலும் ஒரு மலையில் உள்ள கூட்டம் பூக்கும் ஆண்டும் அடுத்த மலையில் உள்ள கூட்டம் பூக்கும் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மூணாறில் 2006-இலும் 2018-இலும் பெருமளவில் பூத்தது, அடுத்தது 2030. செய்தியைக் கண்டதும் வண்டியெடுத்துக்கொண்டு சரிவில் ஏறி, செடிகளை மிதித்துப் படம் எடுப்பவர்களால் அந்தச் சரிவே பாழாகிறது. ஒருமுறை பூத்து விதை உதிர்த்துவிட்டு மடியும் செடி அது. விதை விழுவதற்குள் மிதிபட்டால் அங்கே அடுத்த தலைமுறை முளைக்காது. பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று இதற்காகவும் சொல்கிறேன்.

கேள்வி: பூங்காவிலிருந்து விதையோ சிறு கிளையோ எடுத்துவந்து மதுரையில் வளர்க்கலாமா?

பதில்: எடுக்கக் கூடாது. எடுத்துவந்தாலும் மதுரை வெயிலில் பிழைக்காது.

கேள்வி: பூங்காவுக்கு மேலே தோடர்களின் குடிசை இருக்கிறதாம். உள்ளே சென்று படம் எடுக்க எவ்வளவு கட்டணம்?

பதில்: பூங்காவை ஒட்டி மேலே இருப்பது மஞ்சக்கல் மந்து, மக்கள் குடியிருக்கும் ஊர். அதைக் காட்சிப்பொருளாக எண்ணிக் கட்டணம் விசாரிப்பதே முறையன்று. அரைவட்டக் கூரையுடைய கோயிலின் எல்லைக்குள் நுழையாதீர்கள். அனுமதி கேட்காமல் யாரையும், குறிப்பாக முதியவர்களையும் குழந்தைகளையும், படம் எடுக்காதீர்கள். அவர்களுக்கு உதவியாக ஏதேனும் செய்ய விரும்பினால், 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அவர்களது கைத்தையலை, செய்தவரிடமே பேரம் பேசாமல் வாங்குங்கள்.

கேள்வி: பூங்காவில் இருக்கும் கல்மரம் சிமென்டில் செய்ததுதானே?

பதில்: இல்லை. அது சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரத்தின் புதைபடிவம். வண்டலில் புதையுண்ட மரத்துக்குள் சிலிக்கா கலந்த நீர் ஊடுருவி, மரத்திசு இருந்த இடத்தைக் கனிமம் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொள்வதால் வடிவம் மாறாமல் கல்லாகிவிடுகிறது. விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில் இவற்றை ஏராளமாகக் காணலாம். அடுத்த முறை அருகிலிருக்கும் பலகையைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: தாயாருக்கு மூட்டுவலி. பூங்காவில் நடக்க இயலுமா?

பதில்: கீழ்ப்பகுதியில் நடக்கலாம். நுழைவாயிலை ஒட்டிய பெரிய புல்வெளியும் அதைச் சுற்றியுள்ள பாதையும் ஏறத்தாழச் சமமானவை. மேலே செல்லச் செல்ல ஏற்றம் கடுமையாகும். 2,200 மீட்டருக்கு மேலான உயரம் என்பதால் நன்றாக நடப்பவர்களுக்கும் மூச்சு வாங்கும். காலை ஒன்பது மணிக்குள் சென்றால் இருக்கைகளும் காலியாக இருக்கும். மழைநாளில் வேண்டாம், வழுக்கும்.

கேள்வி: ஜூலையில் விடுப்பு கிடைக்கிறது. அவலாஞ்சி போகலாமா?

பதில்: வேண்டாம். தென்மேற்குப் பருவமழையின் உச்சம் அது. 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பெய்த இடம் அவலாஞ்சி. கனமழை நாள்களில் சுற்றுலாவுக்கு மூடியும் விடுவார்கள்.

கேள்வி: உதகையிலிருந்து கல்லட்டி வழியாக முதுமலைக்குக் காரில் இறங்கினால் நேரம் மிச்சமாகுமே?

பதில்: அந்த 36 கொண்டை ஊசி வளைவுகளில் கீழே இறங்க வெளிமாவட்டப் பதிவெண் வாகனங்களை விடுவதில்லை; அடுத்தடுத்து நேர்ந்த விபத்துகளே காரணம். கூடலூர் வழியாகச் செல்லுங்கள், 65 கி.மீ. போல வரும். பந்திப்பூர் வழியே மைசூரு செல்லும் எண்ணம் இருந்தால், இரவு 9 முதல் காலை 6 வரை சாலை மூடியிருக்கும் என்பதை மறவாதீர்கள். காட்டுச் சாலையில் எதற்காகவும் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள். மான்களுக்கும் குரங்குகளுக்கும் பிஸ்கட் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியதால்தான் தொட்டபெட்டாவிலும் சிம்ஸ் பூங்காவின் வாசலிலும் குரங்குகள் கைப்பையைப் பிடுங்குகின்றன.

கேள்வி: குன்னூரில் சாலையோரம் காட்டெருமை நின்றது. சாதுவாகத்தான் இருந்தது. அருகில் நின்று படம் எடுத்தோம். ஆபத்து உண்டா?

பதில்: உண்டு. ஆயிரம் கிலோ வரை எடையுள்ள விலங்கு அது. மிரண்டால் உங்களால் ஓடித் தப்ப இயலாது. 30 மீட்டருக்குக் குறையாமல் விலகியே நில்லுங்கள்.

கேள்வி: இ-பாஸ் இன்னும் தேவையா? பேருந்தில் சென்றால்?

பதில்: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் வரும் வெளிமாவட்ட வாகனங்களுக்கு இ-பாஸ் என்னும் இணையவழி அனுமதிச் சீட்டு கட்டாயம். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வேலை நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் இருந்தது. எனவே எந்தத் தேதிக்கு இ-பாஸ் கிடைக்கிறது என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே விடுதிக்கு முன்பணம் கட்டுங்கள். அரசுப் பேருந்திலோ ரயிலிலோ செல்பவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். எவர்சில்வர் குப்பி எடுத்துச் செல்லுங்கள்.